கொடாததைக் கொள்ளலாமா?

ஒருவர் வீட்டுப் பசுவை ஓட்டிச் சென்றால் தொழுவம் வெறுமையாகும். ஒருவர் பாடிய பாடலைக் கணிப்பொறி வழியே படியெடுத்தாலோ அவரிடம் உள்ளது குறைவதில்லை. அவ்வாறாயின் அது களவாகுமா? மாணாக்கர் எழுப்பும் இவ்வினா எள்ளி ஒதுக்கத் தக்கதன்று.

1999ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஷான் ஃபேனிங் என்னும் இளைஞர், இசைக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் நாப்ஸ்டர் என்னும் மென்பொருளை வெளியிட்டார். மாணவர் விடுதிகளில் அது விரைந்து பரவியது. கல்விப் பணிக்கென அமைந்த இணைப்புகள் பாடல்களால் நிரம்பித் திணறின. பல்கலைக்கழகங்கள் பல அதனைத் தடுத்தன. வழக்கின் விளைவாக 2001இல் அச்சேவை நின்றது. எனினும் வேறு பல முளைத்தன. 2008இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட உயர்கல்விச் சட்டம், அரசின் மாணவர் நிதியுதவியில் பங்குபெறும் கல்வி நிலையங்கள் இத்தகைய பகிர்வைத் தடுக்கத் திட்டம் வகுக்க வேண்டும்; ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும்; முறையாகப் பெறும் வழிகளையும் இயன்றவரை அளிக்க வேண்டும் என விதித்தது.

இனி, வினாவுக்கு வருவோம். படைத்தவர் தம் உழைப்பின் பயனை யாருக்கு, எவ்வாறு வழங்குவது என்று முடிவு செய்யும் உரிமையை இழக்கிறார் அன்றோ? நம் அறநூல்கள் கொடாததைக் கொள்ளுதலையே களவு என்கின்றன. களவுக்குத் தூண்டுதலையும், களவுப் பொருளைப் பெறுதலையும் இல்லறத்தார் விரதத்திற்கு நேரும் குற்றங்களாக எண்ணுகின்றன. கோப்புப் பகிர்விலோ, பெற்றவரின் கணிப்பொறியே பல வேளைகளில் அவர் அறியாமலே பிறர்க்கு வழங்கத் தொடங்கிவிடுகிறது. பெறுபவர் அக்கணமே பிறர் களவுக்கும் துணையாகிறார்.

தடுப்போர்க்கும் அறம் உண்டு. திரைப்படத் தொழிலுக்கு உள்நாட்டில் நேர்ந்த இழப்பில் 44 விழுக்காடு கல்லூரி மாணவரால் நேர்ந்தது என, 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றைக் காட்டி அமெரிக்கத் திரைப்படச் சங்கம் முறையிட்டது. அது பிழை, ஏறத்தாழ 15 விழுக்காடே சரி என்று 2008 சனவரியில் அச்சங்கமே ஒப்புக்கொண்டது. களவைத் தடுக்க வந்தோர் வாய்மையில் வழுவலாகாது. காவலின் பெயரால் மாணவர்தம் மடல்களைத் துருவிப் பார்ப்பதும் தகாது.

வேலி கையைத் தடுக்கும், விருப்பத்தைத் தடுக்காது. அவ்வேலியும் கல்லூரி வாயிலோடு முடிந்துவிடும். ஆதலின், வெளியூரில் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள், "பிடிபடுவோமா?" என்று எண்ணுமுன், "உரியவர் கொடுத்தாரா?" என்று தம்மைத் தாமே வினவப் பழக்குவோமாக.