மூடுபனிக்குப் பின்னால் பழனி

முருகா சரணம்! லீவுக்குக் குடும்பத்தோட கொடைக்கானலா? கோக்கர்ஸ் வாக்ல நடங்க, பைன் காட்டுல போட்டோ எடுங்க, தப்பே இல்ல. குறிஞ்சி நிலமே நம்ம சேயோனுடையதுதானே! குறிஞ்சிப் பூ 2018ல பூத்தது, அடுத்து 2030லதான். குறிஞ்சி ஆண்டவரை என்னைக்கும் பார்க்கலாம்.

அந்தக் கோயில்கிட்ட நின்னா, வானம் தெளிவா இருக்கற நாள்ல, கீழே பழனி மலை தெரியும். முழங்கால் வலியால அம்மா பழனிப் படி ஏறி மூணு வருஷம் ஆச்சு. இதுக்காகவே கூட்டிட்டுப் போனேன். அன்னைக்குன்னு பார்த்து ஒரே மூடுபனி! எனக்கு அழுகையே வந்துடுச்சு. அம்மா அந்தத் திசையைக் கேட்டுத் திரும்பி, கைகூப்பி நின்னாங்க.

"ஒண்ணுமே தெரியலையேம்மா."

"அவனுக்கு என்னைத் தெரியுதுல்ல, சும்மா இருடா."

அரை மணி நேரம் நின்னோம். பனி விலகவே இல்ல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!