இழுவையும் இணைப்பும்

கேகாலை மாவட்டத்திலுள்ள ரம்புக்கனைப் புகைவண்டி நிலையம் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து சமவெளியில் ஓடிவரும் வண்டி இங்கிருந்துதான் கடுகண்ணாவையை நோக்கி ஏறத் தொடங்குகிறது. ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் உயரும் கடினமான ஏற்றம் அது. 1867-ஆம் ஆண்டு கண்டிக்குப் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு, இந்த ஏற்றத்தை வெல்வது புகையிரதத் தொழிலாளருக்கு ஒரு சவாலாகவே இருந்து வந்திருக்கிறது. பாரம் மிகுந்த வண்டிகளுக்கு ரம்புக்கனையில் பின்புறம் இன்னோர் எஞ்சினைக் கொடுத்துத் தள்ளி ஏற்றும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது.

இத்தகைய நிலையமொன்றில் எஞ்சினைப் பெட்டிகளோடு கொளுவும் காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம். கண்டிருந்தாலும் கருத்தூன்றிப் பார்த்திருக்க மாட்டோம். எஞ்சின் சற்றுத் தூரத்தில் ஒரு முறை நிற்கிறது. பிறகு ஊர்ந்து வருகிறது. இரு பக்கத்துத் தாங்கிகளும் மெல்லத் தொடுகின்றன. தொழிலாளி இரண்டுக்கும் நடுவே குனிந்து புகுகிறார். கனத்த திருகுச் சங்கிலியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டித் திருகி இறுக்குகிறார். அத்துடன் அவர் வெளியே வந்துவிடுவதில்லை. எஞ்சினிலிருந்து தொங்கும் ரப்பர்க் குழாயையும் பெட்டியிலிருந்து தொங்கும் ரப்பர்க் குழாயையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்துகிறார். அதன் பின்னரே வண்டி புறப்படலாம்.

ஆக, கொளுவுதல் என்பது ஒரு செயலன்று, இரண்டு செயல்கள். கொக்கி ஒன்று, குழாய் ஒன்று. இவ்விரண்டில் எது பல பெட்டிகளை ஒரு வண்டியாக்குகிறது? இந்த வினா யந்திர சாஸ்திரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதே நம் கருத்து. பல சாதியார், பல மொழியார், பல வர்க்கத்தார் கூடி வாழும் ஒரு நாட்டில், மக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு இணைந்திருக்கிறார்கள் என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கொக்கியின் வேலை யாவருக்கும் தெரியும், அது இழுக்கிறது. குழாயின் வேலை அவ்வளவு வெளிப்படையானதன்று. எஞ்சின் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரை அக்குழாய் தொடர்ந்து செல்கிறது. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய முறையில், எஞ்சின் அதனுள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருக்கும். வழியில் எங்கேனும் சங்கிலி அறுந்து பெட்டிகள் பிரிந்தால் குழாயும் அறும். வெளிக்காற்று உள்ளே பாயும். அந்தக் கணமே வண்டி முழுவதிலும் தடைகள் சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். பிரிந்த பெட்டிகள் மட்டுமல்ல, எஞ்சினும் நின்றுவிடும். வாலில் நேர்ந்த முறிவு தலையை நிறுத்துகிறது. குழாய் இல்லாத வண்டியிலோ, கடைசிப் பெட்டி அறுந்து பள்ளத்தை நோக்கி ஓடினாலும் எஞ்சின் தன்பாட்டில் ஏறிச் சென்றுகொண்டிருக்கும். பாரம் குறைந்ததனால் முன்னிலும் விரைவாகக்கூடச் செல்லும்.

இந்தப் பாடத்தை உலகம் எளிதிற் கற்கவில்லை. 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரத்திலிருந்து ஞாயிறு பள்ளிச் சிறுவர்களையும் அவர்களுடைய உற்றாரையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாச வண்டி புறப்பட்டது. எஞ்சினின் வலுவுக்குப் பாரம் அதிகம். ஏற்றத்தில் அது நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை முதலில் மேலே கொண்டு செல்லலாம் எனப் பொறுப்பிலிருந்தோர் முடிவு செய்தனர். கொளுவியைக் கழற்றியபோது பிற்பகுதிப் பெட்டிகளில் இருந்த தடை செயலிழந்தது. இணைப்பு முறிந்தால் தானே பற்றிக்கொள்ளும் தடையன்று அது. மக்கள் நிறைந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். தானே இயங்கும் தொடர் தடையைப் பயணி வண்டிகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. அத்தகைய தடை அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கம்பெனிகளுக்குத்தான் செலவு செய்ய மனமில்லை.

ஆனால் அச்சட்டம் பயணி வண்டிகளோடு நின்றுவிட்டது. சரக்கு வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டனிலேயே வெறும் சங்கிலியால் மட்டும் கோத்த சரக்கு வண்டிகள் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் ஓடின. சரக்குக்குக் கொக்கி போதும், மனிதருக்கே குழாய் வேண்டும் என்பது அதன் உட்பொருள். சரக்கைப் பொறுத்தமட்டில் அது கணக்கு வழக்கான முடிவாக இருக்கலாம். மனிதரையே சரக்காகக் கணக்கிட்டால் என்னாகும் என்பதுதான் நம் முன்னுள்ள வினா.

இதற்கு விடை தேடச் சப்ரகமுவவை விட்டு நாம் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதை, இரண்டரை அடி அகலமுள்ள பாதை, 1902-இல் அவிசாவளையை எட்டியது. ஒரு கிளை மறு ஆண்டே எட்டியாந்தோட்டைக்குச் சென்றது. மற்றது 1912-இல் இரத்தினபுரிக்கும் 1919-இல் ஓப்பநாயக்கைக்கும் நீண்டது. அப்பாதையை வேண்டி நின்றவை தேயிலையும் ரப்பரும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிவந்த மக்களின் உழைப்பே அந்தப் பெட்டிகளை நிரப்பிற்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால் வெட்டியும் கொழுந்து பறித்தும், இரவில் லயத்துக் காம்பிராவில் முடங்கிய அம்மக்கள் இலங்கைப் பொருளாதாரம் என்ற வண்டியோடு கொக்கியால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அதில் ஐயமில்லை. குழாய் பொருத்தப்பட்டிருந்ததா?

1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இதற்கு விடையளித்தது. மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தன. 1952-இல் பொதுத் தேர்தல் நடந்தபோது அவர்கள் வெறும் பார்வையாளர்கள். அதே 1952-இன் இறுதியில் இலங்கை சீனத்தோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. ரப்பர் சென்றது, அரிசி வந்தது, நாடு உண்டது. சப்ரகமுவ ரப்பர் தோட்டங்களில் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் அடுத்தடுத்த மரங்களிற் பால் வெட்டினார்கள். இருவரின் பாலும் ஒரே தொட்டியிற் கலந்தது. ஒருவருக்கு வாக்குரிமை இருந்தது. மற்றவருக்கு இல்லை.

இக்காலத்திலேதான் டீசல் எஞ்சின்களும் வந்தன. 1954-இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கடல் கடந்து வந்த எஞ்சினுக்குப் பெயரும் இலக்கமும் இருந்தன. அது இழுத்த பெட்டியிலிருந்த தேயிலையைப் பறித்தவளுக்கோ, இதே மண்ணிற் பிறந்தவளாயிருந்தும், இடாப்பில் பெயரில்லை. அவளைக் ‘கள்ளத்தோணி’ என்று அழைக்கவும் வாய்கள் கூசவில்லை.

கொளுவி கழன்றது, எஞ்சின் நிற்கவில்லை. பெட்டி கழற்றப்பட்டது என்றுகூடச் சொல்வதற்கில்லை. உழைப்பு என்ற கொக்கி முன்போலவே இழுத்துக்கொண்டிருந்தது. உரிமை என்ற குழாய் மட்டுமே துண்டிக்கப்பட்டது. வலி அப்புறம் செல்வதற்கு வழியில்லாமற் போயிற்று.

இங்கே முற்போக்காளராகிய நாம் நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் இடதுசாரி இயக்கம் சப்ரகமுவ மண்ணில் வேரோடியது. 1934–35-இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைக் கிராமங்களைச் சூறையாடியபோது மருந்தும் உணவும் சுமந்து சென்றவர்களே, 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். மறு ஆண்டு ருவான்வெல்லையிலிருந்து என். எம். பெரேராவும் அவிசாவளையிலிருந்து பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபைக்குச் சென்றனர். 1948-இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தனர். அந்தக் குரல் நம் பெருமை.

1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்திற் பங்காளியாயிற்று, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் முடிவாகும் என்று பங்கீடு செய்யப்பட்டது. பங்கிடப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. பின்னாளில் மலைநாட்டிலிருந்து ரம்புக்கனை வழியாக இறங்கிப் பொல்காவலைச் சந்தியில் வடக்கே திரும்பித் தலைமன்னார் சென்ற வண்டிகள், பிறந்த மண்ணைவிட்டு இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறச் சென்றவர்களைச் சுமந்தன. மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், பெட்டியில் இருந்தவர்களும் அழுதார்கள். அந்த ஓலம் அமைச்சரவையின் கதவுகளை எட்டவில்லை. நம்மவர் அங்கே அமர்ந்திருந்தும் எட்டவில்லை. எஞ்சினில் ஏறியவர் நல்லவராயிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நல்லவருக்கும் பின்னால் நடப்பது தெரிய வேண்டுமானால் குழாய் வேண்டும். வாக்குச்சீட்டும் சட்டத்தின்முன் சமத்துவமுமே அக்குழாய். கருணை அதற்கு ஈடாகாது.

இதற்கு எதிராக இரு வாதங்கள் சொல்லப்படுவதுண்டு. எஞ்சின் இல்லாமற் பெட்டி நகராது, மூலதனம் போட்டவர்களும் அரசை நடத்துபவர்களும் இழுப்பதனால்தான் பின்னாலிருப்பவர்கள் பிழைக்கிறார்கள், ஆகவே நன்றியே அவர்கள் கடமை என்பது முதல் வாதம். பெட்டியில்லாத எஞ்சின் தண்டவாளத்தில் எவ்வளவு ஓடினாலும் ஒரு சதமும் ஈட்டுவதில்லை என்பதை வாதிடுவோர் மறந்துவிடுகிறார்கள். இழுப்பதற்குப் பாரம் இருப்பதனாலேதான் எஞ்சினுக்கு மதிப்பு. மேலும், கொளுவும்போது நகர்ந்து வரவேண்டியது நிற்கும் பெட்டியன்று. வலுவுள்ள எஞ்சினே வர வேண்டும். அதுவும் மெல்ல வரவேண்டும். பாரச் சரக்குக்கென்று செய்த டீசல் எஞ்சின் இலேசான பயணிப் பெட்டியோடு சேரும்போது, பெட்டியின் தாங்குவலுவை அறிந்தே தன் வேகத்தை அடக்குகிறது. பணிவு வலியவன் கடமை என்பதைத் தொழில் நுட்பமே வற்புறுத்துகிறது.

கடைசிப் பெட்டியில் நேரும் ஒவ்வொரு முறிவுக்கும் எஞ்சின் நின்றால் வண்டி என்று ஊர் போய்ச் சேரும் என்பது இரண்டாவது வாதம். நாட்டின் முன்னேற்றம், பெரும்பான்மையின் நலன் என்ற பெயர்களில் இது அடிக்கடி வருகிறது. புகைவண்டி வரலாறு இதை மறுக்கிறது. உறுதியான தடை வந்த பிறகுதான் வண்டிகள் அச்சமின்றி விரைவாக ஓட முடிந்தது. நிற்க முடியாத வண்டிக்கு வேகம் ஆபத்து. கடையரின் துயரத்துக்கு நிற்கத் தெரியாத நாடு பின்னர் எத்தகைய பள்ளங்களிற் போய் விழுந்தது என்பதை இலங்கை வரலாறு இரத்தத்தில் எழுதியிருக்கிறது. ஒரு பகுதியாரின் உரிமையைப் பறிக்கப் பழகிய கை அடுத்த பகுதியாரிடம் நீளுவதற்குத் தயங்கவில்லை.

2003-ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. அறுந்த குழாயைப் பொருத்த 55 ஆண்டுகள் சென்றன. இடையில் எட்டியாந்தோட்டைப் பாதை 1942-இலேயே கழற்றப்பட்டது. 1970-களில் இரத்தினபுரிப் பாதையும் போயிற்று. இன்று அவிசாவளைக்கு அப்பால் வண்டியில்லை. தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் தோட்டங்கள் இருக்கின்றன; லயங்களும் இருக்கின்றன. அங்கு வாழ்வோரிற் பலருக்குத் தாம் பிறந்த காம்பிராவின் மீதும் அதைச் சுற்றியுள்ள மண்ணின் மீதும் இன்றும் உரிமைப் பத்திரம் இல்லை. வாக்கு என்ற குழாய் பொருந்தியிருக்கிறது. நிலம் என்ற குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஐக்கியம் என்ற சொல்லை மேடைகளில் நிரம்பக் கேட்கிறோம். நாம் எல்லோரும் ஒரே வண்டியின் பிரயாணிகள் என்று சொல்லாதவர் இல்லை. அப்படிச் சொல்லக் கேட்கும்போது ஒரு கேள்வியை எழுப்புவோம்: கடைசிப் பெட்டி அறுந்தால் இந்த வண்டி நிற்குமா? நிற்கும் என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால், அது ஐக்கியம். முடியாவிட்டால் அது இழுவை மட்டுமே. அப்போது, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து குழாயை எடுத்துப் பொருத்தும் அந்தத் தொழிலாளியின் வேலை நமக்குக் காத்திருக்கிறது. கை அழுக்காகும் வேலை அது, ஆபத்தும் உண்டு. அதைச் செய்யாமல் வண்டி புறப்படக் கொடியசைக்க நமக்கு உரிமையில்லை.