நோயாளிக்குத் தனி வாசல் எதற்கு?

நோயாளியின் உடலுக்கு மருந்து கொடுப்பதோடு மருத்துவமனையின் கடமை முடிந்துவிடுகிறதா? அவருடைய மானத்தைக் காப்பதும் அதன் கடமைதானா? எச்.ஐ.வி. கிருமியைப் பற்றிப் பேசும்போது இக்கேள்விக்கு நாம் விடை கூறியே ஆகவேண்டும்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு, சென்னையில். அன்று அச்சம்தான் இருந்தது, மருந்து இருக்கவில்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகவே வழங்கப்பட்டு வருகிறது. அதை நாள் தவறாமல் உட்கொள்பவர் நெடுங்காலம் வாழ முடியும். சிகிச்சை பெறாத தாய்மார்களின் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை இக்கிருமிக்கு ஆளாகக்கூடும். முறையான சிகிச்சை இருந்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

மருந்து இருந்தும் மக்கள் பரிசோதனைக்குத் தயங்குவதேன்? தனிக் கட்டடம், தனிப் பெயர்ப்பலகை. அந்தப் படியில் ஒருவர் கால் வைத்ததுமே ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆகவேதான், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இப்பணியும் நடக்கவேண்டும் என்கிறோம். காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் வருகிறவர்களின் வரிசையில் இவரும் நிற்கட்டும். முதல் சோதனைக்கு விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். ஐயம் எழுந்தால், தமிழகத்தில் 'நம்பிக்கை மையம்' எனப்படும் இடத்தில் அதை உறுதி செய்துகொள்ளலாம். இக்கிருமி உள்ளவர்களின் உயிரை மிகுதியாகப் பறிப்பது காச நோய். இரண்டையும் ஒரே இடத்தில் கவனிப்பதே அறிவுடைமை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. தனி மையத்தில் இருப்பவர்கள் இப்பணியில் பழகியவர்கள். ஊர் நிலையத்தில் இருப்பவரோ பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். அவர் வாய் திறந்தால் பொதுவாசலும் பயன் தராது. எனவே மருந்து மாத்திரையோடு, கதவு சாத்திப் பேச ஓர் அறையும், பூட்டி வைத்த பதிவேடும், நாவடக்கமுள்ள பணியாளரும் அங்கே வந்தாக வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, இசைவின்றிச் சோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. ஆனால் ஏளனப் பார்வையை எந்தச் சட்டம் தடுக்கும்?

"இவருக்கு இது எப்படி வந்தது?" என்று சிகிச்சைக்காக மருத்துவர் கேட்கலாம், வேடிக்கைக்காக மற்றவர் கேட்க என்ன உரிமை? கணவரிடமிருந்து பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும் பாவம் என்று சிலர் இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கத்துக்குள்ளும் மற்றவர்கள் மீது ஒரு தீர்ப்பு மறைந்திருக்கிறது. தகுதி பார்த்து வழங்குவதற்கு மருந்து ஒன்றும் பரிசுப்பொருளல்ல.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். இரத்தத்தை நம்பிக் கொடுத்தவரின் இரகசியமும் அமானிதமே. அதைக் காக்கத் தெரிந்த நிலையத்துக்கு நோயாளி தாமாகவே வருவார்.