தெரிந்தும் செய்ய முடியாமல்

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியரை வாட்டுவது உடல் அசதி மட்டுமல்ல. வார்டில் ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான்.

இந்த வேதனைக்கு 1984இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் அறத் தவிப்பு எனலாம். எது சரி என்ற குழப்பம் இதில் இல்லை. சரி எதுவென்று தெரிந்தும் அமைப்பு கையைக் கட்டிப்போடுகிறது.

2021 கொரோனா இரண்டாம் அலையில், ஆக்சிஜன் படுக்கை இல்லையென்று வாசலிலேயே சொல்ல நேர்ந்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அலை ஓய்ந்த பிறகும் அந்த முகங்கள் மறையவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் வண்டல் தங்கிவிடுகிறது. அடுத்த தவிப்பு அதன்மேல்தான் ஏறுகிறது. எரிச்சல், மௌனம், நோயாளியின் கண்ணைப் பார்க்கத் தயங்குவது, ஒருநாள் ராஜினாமா. பலர் இதை அலட்சியம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

‘மனசைக் கல்லாக்கிக்கோ’ என்ற அறிவுரை கொடுமையானது. தவிக்கிற மனசுதானே நல்ல மனசு! யோகா வகுப்பும் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது. ‘இன்னைக்கு எது உன்னை உறுத்துச்சும்மா?’ என்று மூத்த செவிலியர் அன்றைக்கே கேட்கட்டும். வந்த பதிலை எழுதி, எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்ற கணக்கோடு நிர்வாகத்தின் மேசையில் வைக்கட்டும். இதே தவிப்போடு குழந்தைகள் இல்லத்திலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்பவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் பெரும்பாலும் கேட்பதே இல்லை.