காலை ஒன்பது மணித் தோல்வி

மார்ச் 2024. மும்பையின் பாந்த்ரா-குர்லா வளாக மைதானம். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சி அரையிறுதிக்கு வந்த தமிழ்நாடு, டாஸ் வென்று மட்டை பிடித்து 146 ரன்னில் சுருண்டது. மூன்றே நாளில் மும்பையிடம் இன்னிங்ஸ் தோல்வி, அதுவும் 70 ரன் வித்தியாசத்தில்.

தமிழ்நாட்டின் தலைமைப் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னியோ மும்பைக்காரர். ஒரு காலத்தில் மும்பைக்கு விக்கெட் கீப்பர். 2012-13இல் அதே அணிக்குப் பயிற்சியாளராக ரஞ்சிக் கோப்பையும் வென்றவர். அந்த ஆடுகளத்தில் முதலில் பந்துவீசியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கேப்டன் சாய் கிஷோர் வேறு முடிவெடுத்தார்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம் என்று குல்கர்னி பகிரங்கமாகச் சொல்ல, தமிழ்நாட்டின் மூத்த வீரர் தினேஷ் கார்த்திக் கொதித்துப் போனார். கணக்கு சரிதான், அதை ஓய்வறையிலேயே பேசியிருக்கலாம்.

அடுத்த பருவத்தில் அந்தப் பயிற்சியாளர் நாற்காலியில் லட்சுமிபதி பாலாஜி.