மாட்டுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள்

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கதை சொல்வார்கள். சிவன் தன் காளையைக் கூப்பிட்டு, “மனிதர்கள் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும், மாதம் ஒருமுறை சாப்பிடட்டும். போய்ச் சொல்லிவிட்டு வா” என்றார். காளை மாற்றிச் சொல்லிவிட்டது: தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய்க் குளியல். தினமும் சாப்பிட வேண்டுமென்றால் நிறைய விளைய வேண்டுமே, நீயே போய் உழு என்று அதைப் பூமிக்கே அனுப்பிவிட்டார் சிவன்.

விளைவிக்க ஆள் வைத்தாயிற்று. தினமும் சமைக்க? அதற்கு யாரையும் சபிக்கத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே ஒருத்தி அடுப்படியில் இருந்தாள்.

நன்றி சொல்வது என்றால் என்ன என்ற கேள்வி எனக்கு இந்தக் கதையிலிருந்துதான் வருகிறது. கொங்கு நாட்டில் பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கல் ஊட்டுகிறார்கள். அன்று ஏர் பூட்டுவதில்லை. வேலை வாங்காமல் இருப்பதுதான் அங்கே நன்றி. வர்ணமும் மாலையும் அதற்கு மேல்தான்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பெண் டைலருக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்போம். காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டரை ஆகும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. பொங்கல் லீவும் வருகிறது. ஆனால் காப்புக் கட்டுக்கு முன்பே ஒட்டடை அடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் விளக்கி, பிறகு வாசல் தெளித்து, கோலம் போட்டு, பானை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு முடிப்பதற்குள் லீவு தீர்ந்துவிடுகிறது. கம்பெனிக்குத்தான் அது விடுமுறை. ஆயுத பூஜையிலும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஓய்வு. அந்த மெஷினைத் துடைத்து வைத்தவளுக்குப் பொரி.

தையல் ஊரில் இருக்கும் நமக்கு ஜப்பானிய வழக்கம் ஒன்று சுவாரசியமாக இருக்கும். பழைய நாள்காட்டியில் புத்தாண்டு வேலைகளின் தொடக்கமாகவும் முடிவாகவும் கருதப்பட்ட டிசம்பர் 8, பிப்ரவரி 8 ஆகிய நாட்களை ஒட்டி அங்கே ‘ஹரி குயோ’ நடக்கிறது. உடைந்த ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சோயா பாலில் செய்த மெத்தென்ற டோஃபு கட்டியில் குத்தி வைக்கிறார்கள். இத்தனை நாள் முரட்டுத் துணியில் உழைத்த ஊசி இனி மென்மையான இடத்தில் இருக்கட்டும் என்பது எண்ணம். அன்று தைக்கக் கூடாது. ஊசிக்குத்தான் ஓய்வு என்றாலும், ஊசியை எடுக்காத கையும் சும்மா இருக்குமல்லவா? அந்தப் பெண்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நம் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் உடைந்த ஊசிக்கு மரியாதை உண்டு. எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். குழந்தையின் சட்டையில் துண்டு போய்விடக் கூடாது, நியாயமான விதிதான். ஊசி ஏறிய விரலுக்கும் அதே அக்கறையோடு ஒரு நோட்டு இருக்கிறதா?

ஜப்பானில் இன்னொன்றும் உண்டு. புத்தாண்டு விருந்தை முன்கூட்டியே சமைத்துப் பெட்டிகளில் அடுக்கிவிடுவார்கள். முதல் மூன்று நாளும் வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். அத்தனையையும் முன்னால் சமைத்தவள் அவள், பின்னால் பரிமாறுபவளும் அவள். அதனால்தானோ என்னவோ, நம் பொங்கலை ஒட்டி வரும் ஜனவரி 15ஆம் தேதிக்குப் ‘பெண்கள் புத்தாண்டு’ என்று பெயர் வந்தது. அன்றுதான் அவர்கள் ஓய்வெடுத்தார்கள், தாய்வீடு போனார்கள். சில ஊர்களில் ஆண்கள் சமைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாளைப் பெரிய வெற்றியாகச் சொல்ல நான் வரவில்லை. மீதி 364 நாட்களும் யாருடையவை என்பதை அந்த ஒரு நாளே ஒப்புக்கொள்கிறது.

“பொங்கல் வைப்பது வேலையா? சந்தோஷம்” என்று பெண்களே சொல்வார்கள். பானை பொங்கும்போது குலவையிடுபவள் நடிக்கவில்லைதான். ஆனால் அவள் சந்தோஷமாகச் செய்தாள் என்பதற்காக, அது வேலையே அல்ல என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோமே, அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு உறுத்துகிறது. சந்தோஷமாகத் தைத்தாள் என்று பீஸ் ரேட்டைக் குறைத்தால் ஒப்புக்கொள்வோமா?

நாம் ஜப்பானுக்கு ஓட வேண்டியதும் இல்லை. கொங்கு நாட்டில் பூப்பறிக்கும் நோம்பி இருக்கிறது. காணும் பொங்கலன்று பெண்கள் பலகாரத்தோடு கூட்டமாகக் கிளம்பி, ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, ஓலையக்காளைப் பாடி, பொழுது சாயத்தான் வீடு திரும்புவார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத நாள் அது. கன்னிப்பெண்களோடு அவர்களுடைய அம்மாக்களும் போகட்டும். முறுக்கை வீட்டு ஆண்கள் சுட்டுத் தூக்குப்போசியில் போட்டுக் கொடுக்கட்டும். கருகியிருந்தாலும் பரவாயில்லை, ஆற்றங்கரையில் பசி எடுக்கும்.