கணக்கும் கடப்பாடும்

பொதுச்சேவை ஒன்றின் பெறுமதியை அதன் வருமானத்தால் மட்டும் அளத்தல் முறையாகுமா? ஸ்கொட்லாந்தின் பழைய கிராமியப் புகையிரத நிலையங்களின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

1963இல் பிரித்தானியப் புகையிரதச் சபைத் தலைவர் பீச்சிங் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதிலும் 2,363 நிலையங்களை மூடுமாறு விதந்துரைத்தது. 1961 ஏப்ரலில் ஒரு வாரம் மட்டும் எடுக்கப்பட்ட பயணிகள் கணக்கு அதற்கு ஆதாரமாயிற்று. எடின்பரோவையும் இங்கிலாந்தின் கார்லைலையும் இணைத்த வேவர்லி மார்க்கம் 1969 ஜனவரியில் மூடப்பட்டது. இறுதி வண்டி வந்த இரவில் நியூகாசில்ற்றன் கிராமத்தவர் கடவைக் கதவுகளை அடைத்து அதனை மறித்தனர். உடன்நின்ற போதகர் கைதானார்.

நட்டத்தை வரி செலுத்துவோர் எக்காலமும் சுமப்பது நியாயமா என்பார் கூற்றைப் புறக்கணித்தற்கில்லை. ஆயின், பயணச்சீட்டுக் கணக்கில் ஏறியோர் தொகை உண்டு. வண்டியின்றேல் மருத்துவமனைக்கோ சந்தைக்கோ செல்லவியலாத முதியோரின் இழப்பு இல்லை. மேலும், பெயர்த்தெடுத்த தண்டவாளத்தை மீள இடும் செலவு அடுத்த தலைமுறையின் தலையில் விழுகின்றது. 2015இல் எடின்பரோவிலிருந்து ட்வீட்பாங்க் வரை அப்பாதை பெருஞ்செலவில் மீளமைக்கப்பட்டது. ஸ்டோ என்னும் சிற்றூரின் நிலையமும் மீண்டும் திறந்தது. நியூகாசில்ற்றனுக்கோ வண்டி திரும்பவில்லை.

கணக்கு வேண்டும், எவற்றைக் கணக்கிற் சேர்ப்பது என்பதை அறமே தீர்மானித்தல் வேண்டும்.